நலம் கேட்கும் பக்கம்: பிள்ளைகளின் தலையில் பேன்

பாடசாலை விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கியதும் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களிலும் பேன் ஊரத் தொடங்கிவிடும். எழுதுபவர்கள் பெரும்பாலும் தாய்மார். பெயரைப் போட்டுவிடாதீர்கள் என்று கடைசி வரியில் கேட்டுக்கொள்ளாதவர்கள் அரிது. ஆகவே இம்முறை எவருடைய பெயரையும் போடாமல், இடத்தை மட்டும் குறிப்பிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டொக்டர், என் மகள் தரம் 3இல் படிக்கிறாள். இந்த வருடத்தில் மட்டும் மூன்று தடவை பேன் பிடித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் மருந்து பூசி, படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் தோய்த்து, மெத்தையை வெயிலில் போட்டு நான் களைத்துப்போனேன். தினமும் தலைக்கு வார்க்கிறேன். பேன் வராமலே தடுக்கும் எண்ணெயோ ஷாம்போ இருந்தால் சொல்லுங்கள்.
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: ஏமாற்றமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேன் வராமல் தடுக்கும் என்று நம்பி வாங்கக்கூடிய எண்ணெயும் இல்லை, ஷாம்பும் இல்லை. பேன் மருந்தையே முன்னெச்சரிக்கையாக வாராவாரம் பூசலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதுவும் கூடாது. பிள்ளையின் தோல் எரிச்சல் காணும் என்பது ஒரு புறமிருக்க, அந்த மருந்துக்கு அசையாத பேன்கள் பெருகுவதற்கும் அது வழிசெய்யும்.

பேனுக்குச் சிறகு இல்லை; தெள்ளைப் போலத் துள்ளிப் பாயவும் அதனால் முடியாது. கால் நுனியிலுள்ள நகங்களால் தலைமயிரைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து செல்வது ஒன்றுதான் அது அறிந்த பயணம். எனவே ஒரு தலை இன்னொரு தலையில் முட்டிக்கொண்டிருக்கும் சிறிது நேரம்தான் அதற்கு வாய்க்கும் பாலம். காலையில் காலி வீதி நெரிசலில் ஊர்ந்துபோகும் பாடசாலை வானில் மூவர் இருக்க வேண்டிய இருக்கையில் ஐவர் நெருங்கி உட்கார்ந்து தூங்கி வழியும்போதும், ரியூஷன் வகுப்பு வாங்கில் இருவர் ஒரே கொப்பியைக் குனிந்து பார்க்கும்போதும், விடுமுறையில் மச்சாள்மார் எல்லோரும் ஒரே பாயில் படுத்துக் கதைபேசும்போதும் அந்தப் பாலம் போடப்படுகிறது. சீப்பு, துவாய், ரிபன் வழியாகத் தொற்றுவது இதை விட மிகக் குறைவு.

இதை விளங்கிக்கொண்டால் உங்கள் உழைப்பில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தலாம். தலையை விட்டு விழுந்த பேன் இரத்தம் கிடைக்காமல் ஓரிரு நாட்களில் செத்துவிடும். ஈர் பொரிப்பதற்கும் தலைத்தோலின் சூடு வேண்டும். ஆகவே கடைசி இரண்டு நாட்களில் பிள்ளையின் தலை பட்ட தலையணை உறை, துவாய், தொப்பி ஆகியவற்றை மட்டும் 54 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான நீரில் தோய்த்துக் காயவிடுங்கள். சீப்புகளையும் அதே சூட்டு நீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டால் போதும். தோய்க்க முடியாத பஞ்சுப் பொம்மை போன்றவற்றை ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் ஒதுக்கி வையுங்கள். திரைச்சீலையையும் மெத்தையையும் விட்டுவிடுங்கள். தொடர்மாடி வீட்டில் மெத்தையை வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போகும் பாட்டில் பாதியைச் சீப்பிடம் கொடுத்தால் பலன் அதிகம்.

தினமும் தலைக்கு வார்ப்பதிலும் பயனில்லை. அழுக்குத் தலையைத்தான் பேன் தேடும் என்பது வெறும் பேச்சு. அதற்கு வேண்டியது இரத்தம். அது எல்லாத் தலையிலும் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் பேன் மூச்சை அடக்கிக்கொண்டு மயிரை இறுகப் பிடித்துவிடும். நீருக்குள் மணிக்கணக்காகவும் அது தாக்குப்பிடிக்கும்.

அப்படியானால் தடுப்பது எப்படி? பாடசாலைக்குப் போகும்போது தலைமயிரை இறுக்கமாகப் பின்னிக் கட்டுவது சற்று உதவும். விரித்துவிட்ட கூந்தல் அடுத்த தலையில் எளிதாகப் படும். ஆனால் முக்கியமானது வாரத்துக்கு ஒரு நாள் தலை பார்ப்பது. பேன் வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளியும் ஆகையால், உலர்ந்த தலையை விரலால் பிரித்துப் பார்ப்பதை விட, தலையை நனைத்துத் தாராளமாகக் கண்டிஷனர் பூசிப் பேன்சீப்பால் வாருவதே நல்லது. வழுக்கும் மயிரில் பேனால் விரைந்து ஓட முடியாது. கண்டிஷனர் இல்லாத வீட்டில் தேங்காய் எண்ணெய் அந்த வேலையைச் செய்யும். பேன்சீப்பின் பற்களுக்கிடையே 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர் வரை மட்டுமே இடைவெளி இருக்க வேண்டும். உலோகப் பற்கள் உள்ளவை வளையாது. மயிரைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, சீப்பைத் தலைத்தோலில் பதித்து நுனி வரை இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை வெள்ளைக் கடதாசியில் துடைத்துப் பாருங்கள். எள்ளளவில் பழுப்பாக ஏதேனும் நகர்ந்தால் அதுதான் பேன். பிடரியிலும் காதுகளின் பின்புறத்திலும் கூடுதலாகத் தேடுங்கள். வீட்டிலுள்ள எல்லோரும், நீங்கள் உட்பட, அதே நாளில் தலையைக் காட்ட வேண்டும். மகளுக்கு மூன்று தடவை வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று தடவையும் உங்கள் தலையைப் பார்த்தது யார் என்று எழுதவில்லை.

நம்முடைய அம்மம்மாமார் பின்னேரங்களில் விறாந்தைப் படியில் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து பேன் பார்த்தது வேலையற்ற வேலை அல்ல. இஸ்ரேலில் லாக்கீஷ் என்னும் பழைய நகர் இருந்த இடத்தில் கிடைத்த, ஏறக்குறைய 3,700 ஆண்டுப் பழமையான யானைத்தந்தச் சீப்பொன்றில், தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இது வேரறுக்கட்டும் என்று கனானிய எழுத்தில் பொறித்திருப்பதை 2022இல் அறிஞர்கள் வாசித்து வெளியிட்டார்கள். அகரவரிசை எழுத்தில் கிடைத்துள்ள மிகப் பழைய முழு வாக்கியம் அதுதான் என்கிறார்கள். அன்று சீப்பு செய்த வேலையை இன்றும் சீப்புத்தான் செய்கிறது.

கேள்வி: பாமசியில் வாங்கிய மருந்தை இரு பிள்ளைகளுக்கும் பூசினேன். அன்றைக்கே பேன் எல்லாம் செத்துவிட்டது. பத்து நாளில் மறுபடியும் சொறியத் தொடங்கிவிட்டார்கள். மருந்து போலியா?
— தெகிவளை

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் கொன்றது பேனை, ஈரை அல்ல. பேன் கொல்லும் மருந்துகளில் பல ஈரின் ஓட்டைத் துளைத்து உள்ளே போவதில்லை. ஈர் பொரிக்க 7 முதல் 10 நாட்கள் வரை ஆகும். பொரித்த குஞ்சு வளர்ந்து தானும் ஈரிடுவதற்கு மேலும் 9 முதல் 12 நாட்கள் வரை ஆகும். அதன் பிறகு ஒரு பெண்பேன் நாளொன்றுக்கு எட்டு ஈர் வரை இடும். முதல் பூச்சுக்குப் பிறகு ஒன்பதாம் நாளளவில் இரண்டாம் முறை பூசச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். அப்போது ஈர்களில் மிகப் பெரும்பாலானவை பொரித்திருக்கும். பொரித்தவற்றில் ஒன்றும் ஈரிடும் வயதை எட்டியிராது. நீங்கள் அந்த இரண்டாம் முறையைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

1 சதவீதப் பெர்மெத்ரினாக இருந்தால், கண்டிஷனர் சேராத ஷாம்பால் தலையைக் கழுவித் துவட்டி, ஈரமாக இருக்கும் மயிரில் பூசி, பத்து நிமிடம் கழித்துக் குனியவைத்து அலசிவிடுங்கள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஷாம்பு போட வேண்டாம். சிரங்குக்கு உடம்பெங்கும் பூசக் கொடுக்கும் பெர்மெத்ரின் 5 சதவீதம். அந்தப் போத்தலை எடுத்துத் தலைக்கு வைத்துவிடாதீர்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இம்மருந்து ஆகாது. முறையாக இரு தடவை பூசியும் உயிருள்ள பேன் ஊர்ந்தால், அந்தப் பேன்கள் மருந்துக்குப் பழகிவிட்டன என்று கொள்ள வேண்டும். உலகின் பல பகுதிகளில் இப்படி நடந்திருக்கிறது. அப்போது அதையே மூன்றாம் முறை பூசாமல், நஞ்சாக அல்லாமல் பேனைப் போர்த்தி மூடிக் கொல்லும் டைமெதிகோன் போன்ற வேறொரு மருந்தைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

மருந்தே வேண்டாம் என்பவர்கள் ஈரத்தலையை 1, 5, 9, 13 ஆம் நாட்களில் மேலே சொன்னபடி வாரலாம். ஒரு நாளும் தவறக் கூடாது. பொறுமை உள்ள வீட்டுக்கு இதுவே போதுமானது. பொறுமை எல்லா வீட்டிலும் கிடைப்பதில்லை என்பதையும் அறிவேன்.

பிடரியில் நெறி கட்டினாலோ, சொறிந்த இடத்தில் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பேத்தியின் தலைக்கு மண்ணெண்ணெய் வைத்தால் ஒரே நாளில் தீரும் என்கிறார் என் மாமியார். கற்பூரம் கரைத்த எண்ணெய், அன்னமுன்னா விதை என்று அயலவர்களும் சொல்கிறார்கள். எது நல்லது?
— கொட்டாஞ்சேனை

பதில்: மூன்றும் நல்லதல்ல. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் வேறு வழியில்லாமல்தான் அவர்கள் அதைச் செய்தார்கள். மண்ணெண்ணெய் பூசிய தலையோடு பிள்ளை சாமியறை விளக்கருகிலோ சமையலறை அடுப்பருகிலோ போனால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. அது தோலையும் புண்ணாக்கும். போத்தலில் மிஞ்சியதைச் சிறு பிள்ளை வாயில் வைத்துப் புரைக்கேறினால், சில துளிகள் நுரையீரலுக்குள் போனாலே கடுமையான அழற்சி உண்டாகும். கற்பூரத்தை விழுங்கிய பிள்ளைக்கு வலிப்பு வரும். அன்னமுன்னா விதையை அரைத்துப் பூசும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. அந்தச் சாறு கண்ணில் வழிந்தால் கருவிழி புண்ணாகி, தாங்க முடியாத வலி எடுக்கும். தவறிப் பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளை இவற்றில் எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்திடமும் ஆலோசனை கேட்கலாம்.

கேள்வி: நான் வகுப்பாசிரியை. ஒரு மாணவியின் தலையில் பேன் இருப்பது தெரிந்ததும், அவளைச் சில நாட்கள் வீட்டில் நிறுத்தும்படி மற்றப் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் வற்புறுத்துகிறார்கள். ஈர் முற்றாகப் போன பிறகே வரலாம் என்கிறார்கள். நான் என்ன செய்வது?
— மட்டக்குளி

பதில்: நிறுத்தாதீர்கள். பேன் கடித்ததும் அரிப்பு வருவதில்லை. அதன் எச்சிலுக்கு உடல் ஒவ்வாமை காட்டத் தொடங்கும்போதே அரிக்கும். முதல் முறை பேன் பிடித்த பிள்ளைக்கு அதற்கு 4 முதல் 6 வாரங்கள் வரை பிடிக்கலாம். அவள் சொறிவதை நீங்கள் கண்ட அன்று அந்தப் பேன் வகுப்பில் ஒரு மாதமாகவே இருந்திருக்கும். வற்புறுத்தும் பெற்றோரின் பிள்ளைகளில் சிலரிடமும் இப்போது அது இருக்கக்கூடும். அவர்கள் தலையை ஒருவரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உடுப்பின் தையலில் ஒளியும் உடற்பேன் காய்ச்சலைப் பரப்பும். தலைப்பேன் எந்த நோயையும் பரப்புவதில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகமும் பிரித்தானிய தேசிய சுகாதார சேவையும் பேனுக்காகப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தத் தேவையில்லை என்றே சொல்கின்றன.

ஈர் முற்றாகப் போக வேண்டும் என்பதும் பொருளற்ற நிபந்தனை. ஈர் தலைத்தோலை ஒட்டியே இடப்படும். மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். தோலிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தெரியும் ஈர் பொரித்துப்போன வெறும் கோதோ செத்த ஈரோதான். அது பொடுகைப் போல உதிராது, பசையால் ஒட்டியிருக்கும் என்பதால் மாதக்கணக்கில் தெரிந்துகொண்டிருக்கும். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று நம்மவர் சொல்வது இந்த வட்ஸ்அப் குழுவுக்கே பொருந்தும்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. எவருடைய பெயரும் இல்லாமல், இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் ஈரத்தலையை வாரிப் பார்க்கும்படி வகுப்பிலுள்ள எல்லாப் பெற்றோருக்கும் ஒரே நாளில் எழுதியனுப்புங்கள். ஒன்பது நாள் கழித்து மீண்டும் ஒரு முறை நினைவூட்டுங்கள். ஒரே வாரத்தில் எல்லாத் தலையும் பார்க்கப்பட்டால்தான் இந்தச் சுற்று அறும்; இன்று ஒரு வீடும் அடுத்த மாதம் இன்னொரு வீடுமாகப் பார்த்தால் பேன் வீடு மாறிக்கொண்டே இருக்கும். வகுப்பின் முன்னால் நிறுத்தி எவர் தலையையும் பார்க்க வேண்டாம். ஏழு வயதில் அப்படி நின்ற ஒரு பெண், தன் மகளின் தலையில் பேன் கண்டதை என்னிடம் சொல்வதற்கு அறைக் கதவு சாத்தப்படும்வரை காத்திருந்தார்.

கேள்வி: மகன் நீச்சல் வகுப்புக்குப் போகிறான். குளத்து நீரில் பேன் தொற்றுமா? வீட்டுப் பூனையிடமிருந்தும் வருமா?
— பம்பலப்பிட்டி

பதில்: நீரின் வழியாகத் தொற்றாது, குளோரின் பேனைக் கொல்லவும் செய்யாது. உடை மாற்றும் அறையில் துவாயையும் நீச்சல் தொப்பியையும் மாற்றிப் போட்டுக்கொள்ளாமல் இருந்தால் போதும். தலைப்பேன் மனிதரிடம் மட்டுமே வாழும். பூனையிடமிருந்து வராது, பூனைக்கும் போகாது. ஆனால் மகனுக்கு வாங்கிய பெர்மெத்ரினில் மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்கும் பூசிவிடாதீர்கள். மனிதத் தலைக்குப் பாதுகாப்பான அந்த மருந்து பூனையின் உயிரைப் பறித்துவிடும்.