திரைப்படமா, மேடை நாடகமா: உங்கள் அன்றாட வாழ்க்கையில் ஆழமாகத் தங்கியது எது?

என்னிடம் தங்கியது மேடை நாடகம். நடிப்பையோ கதையையோ வைத்து இதைச் சொல்லவில்லை. என் வீட்டில் பேசிய தமிழைப் பலர் நடுவே உரத்த குரலில் நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு நாடக மண்டபத்தில்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. காலி வீதியிலுள்ள சவோய் திரையரங்கிலோ தெஹிவளை கொன்கோட்டிலோ தமிழ்ப் படம் பார்க்கப் போவது சிறு வயதில் எங்களுக்குப் பெரிய கொண்டாட்டம். 1990களில் அந்த இருட்டுக்குள் இருக்கும்போது மட்டும் தமிழ் எவ்வளவு சத்தமாக ஒலித்தாலும் பயமில்லை. வெளியே வந்து பஸ்ஸில் ஏறியவுடன் அம்மா எங்கள் தோளைத் தொட்டு, "மெல்லக் கதையுங்கோ" என்பார். அந்த மூன்று மணி நேரச் சுதந்திரத்துக்காக அந்தப் படங்கள்மீது எனக்கு இன்றும் நன்றி உண்டு. ஆனாலும் அங்கே ஒலித்தது கடலுக்கு அப்பால் பேசப்படும் தமிழ். பாடசாலையில் நண்பர்களோடு அந்தத் தமிழைப் பேசிப் பழகிய நாங்கள், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வேறொரு தமிழுக்கு மாறிவிடுவோம். வீட்டுத் தமிழ் வெளியில் எடுத்துச் செல்லத் தகாதது என்ற எண்ணம், எவரும் சொல்லித் தராமலே என்னுள் படிந்துவிட்டது.

1998ஆம் ஆண்டு, எனக்குப் பதினேழு வயதிருக்கும்போது, 57ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு நாடகம் பார்க்க அம்மா என்னை அழைத்துச் சென்றார். தொழில்முறை நடிகர்கள் எவரும் அதில் இல்லை; அலுவலகத்திலும் பாடசாலையிலும் வேலை பார்ப்பவர்கள் மாலை நேரங்களில் ஒத்திகை பார்த்து மேடையேற்றிய சிறிய நாடகம் அது. திரை விலகியதும் ஒரு கிழவி கிணற்றடியில் நின்றபடி வீட்டிலுள்ளவர்களை ஏசினார்: "உந்தத் துலாக்கயிறு அறப்போகுது, ஒருத்தருக்கும் கண் தெரியேல்லையோ?" எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, தம்மைத்தான் கேட்கிறார்கள் என்பதுபோல, "ஓமணை" என்று மெல்லிய குரலில் பதில் சொன்னார். அதே கணத்தில் மண்டபம் முழுவதும் சிரித்தது. அந்த நடிகை, கையை இடுப்பில் வைத்தபடி, சிரிப்பு அடங்கும் வரையில் காத்திருந்து, அதன் பிறகே அடுத்த வசனத்தைத் தொடங்கினார்.

அந்தக் காத்திருப்பை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். திரையில் வரும் கிழவி நாங்கள் சிரித்தாலும் அழுதாலும் தன் பாட்டில் பேசிக்கொண்டு போவாள். மேடையில் நின்றவரோ நாங்கள் அங்கே இருப்பதை அறிந்திருந்தார். எங்கள் தமிழுக்கு எழுந்த சிரிப்பு கேலியில் பிறந்ததன்று, இனம் கண்டுகொண்டதில் பிறந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. வீடு திரும்பும்போது காலி வீதியில் அம்மா என்றுமில்லாதவாறு உரத்துப் பேசிக்கொண்டு வந்தார். ஊர்க் கிணற்றையும் துலாவையும் தன் பெரியம்மாவின் ஏச்சையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எங்கள் ஒழுங்கை முனையிலிருந்த காவலரண் கண்ணில் பட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உந்த" என்ற அந்தச் சொல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று பாடசாலையில் எல்லோரும் படிக்கிறோம். படங்களில் கேட்கும் தமிழில் அதுவும் இதுவும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. யாழ்ப்பாணத்தவர் பேச்சில் உது, உவன், உங்கை என மூன்றாவது சுட்டும் அன்றாடம் உயிரோடிருக்கிறது. பேசுபவருக்கு அருகில் இல்லாமல், கேட்பவருக்கு அருகில் இருப்பதை அது சுட்டும். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்ததை அம்மா சமையலறையில் நாள்தோறும் பேசிக்கொண்டிருந்தார் என்பது, அந்த மேடையில் கேட்கும் வரையில் எனக்கு உறைக்கவே இல்லை. அதற்குப் பிறகு என் செவி மாறிவிட்டது. வெள்ளவத்தைச் சந்தையில் மீன் விற்கும் முஸ்லிம் நானா (அண்ணன்) "மீன் புதுசா ஈக்கிது" என்று சொல்லும்போதும், மலையகத்திலிருந்து வந்து தேநீர்க் கடையில் வேலை செய்யும் தம்பி வேறொரு மெட்டில் விலை சொல்லும்போதும், நின்று கேட்கத் தொடங்கினேன். கொழும்பு ஒரே தமிழைப் பேசும் நகரமன்று.

இதை எனக்கு முன்பே உணர்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் எழுதிய நாடகங்கள் 1940இலேயே நூலாக வெளிவந்துவிட்டன. 1970களில் அப்பா விடாமல் கேட்ட வானொலித் தொடர் ஒன்றில் நான்கு பாத்திரங்கள் நான்கு விதத் தமிழ் பேசின: மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீட். ஒரு முஸ்லிம் ஐயராகவும், முஸ்லிம் அல்லாத ஒருவர் மரிக்காராகவும் பேசி இந்த நகரத்தைச் சிரிக்க வைத்தார்கள் என்பதை அப்பா பெருமையோடு சொல்வார். அந்தத் தொடர் 1976இல் "கோமாளிகள்" என்ற படமாகவும் வந்தது.

ஆகவே திரைப்படத்தால் இது முடியாது என்று நான் சொல்லமாட்டேன். தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர், காவலூர் இராசதுரையின் எழுத்தில் 1977இல் இயக்கிய "பொன்மணி" யாழ்ப்பாணத்தை அதன் சொந்தப் பேச்சோடு காட்டியது. அதைப் பிற்காலத்தில் பார்த்தபோது, இத்தகைய படங்கள் ஆண்டுக்கு ஒன்றாவது வந்திருந்தால் என் இளமை வேறுவிதமாக அமைந்திருக்கும் என்று வருந்தினேன். இலங்கைத் தமிழர் என்று சொல்லி இந்தியப் படங்களில் வரும் சில பாத்திரங்கள் எந்த ஊரிலும் பேசப்படாத ஒரு தமிழைப் பேசும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. அதைச் சரிசெய்ய எங்கள் ஊர்க்காரர் ஒருவரை அருகில் இருத்திக் கேட்டாலே போதும்.

இவ்வாண்டு என் மகள் தமிழ்த் தினப் போட்டிக்கான பாடசாலை நாடகத்தில் கிழவி வேடம் ஏற்றிருக்கிறாள். இணையத்திலும் படங்களிலும் தமிழ் கேட்டு வளர்ந்த அவளுக்கு "உந்த" என்ற சொல் வாயில் வர நாலைந்து நாள் பிடித்தது. மாலையில் எங்கள் மாடி வீட்டின் பல்கணியில், கீழே கடற்கரை ரயில் கடந்து போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி, அப்பம்மாவும் பேத்தியும் ஒத்திகை பார்க்கிறார்கள். நேற்று அவள் வசனங்களை ஒரே மூச்சில் ஒப்புவித்ததும் அம்மா அவளுடைய கையைப் பிடித்து இடுப்பில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தரப்படாதை பிள்ளை. ஆக்கள் சிரிச்சு முடியட்டும், பேந்து மற்றதைச் சொல்லு."