பழைய ரோடு சைக்கிளில் இறுகிப்போன கியர்: முதலில் பார்க்க வேண்டியது கேபிளை

கேள்வி: நான் திருவான்மியூரில் வசிக்கிறேன். ஏறக்குறைய 15 ஆண்டுகள் பழைய ரோடு சைக்கிள் ஒன்றை நண்பரிடமிருந்து வாங்கி, காலை வேளைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டி வருகிறேன். பின்பக்கம் 8 பல்சக்கரங்கள்; பிரேக் லிவரோடு சேர்ந்த ஷிமானோ ஷிஃப்டர் (கியர் மாற்றும் லிவர்). பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்ற வலப்பக்க லிவரைத் தள்ளினால் விரல் வலிக்கிறது. சிறிய பல்சக்கரத்துக்கு இறக்கும்போது 'கிளிக்' சத்தம் உடனே கேட்கிறது, ஆனால் செயின் தாமதமாகத்தான் இறங்குகிறது. கடையில் ஷிஃப்டர், டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். ஏற்றும்போது கனமும் இறக்கும்போது தாமதமும் சேர்ந்து வந்தால், கோளாறு பெரும்பாலும் ஷிஃப்டருக்கும் டீரெய்லருக்கும் நடுவே ஓடும் கேபிளிலும், அது நுழைந்து செல்லும் உறையான அவுட்டரிலும்தான் இருக்கும். மொத்த கியர் அமைப்பிலேயே விலை குறைந்த பாகங்கள் இவைதாம். அவற்றைச் சோதிக்காமல் விலை கூடிய பாகங்களை மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

லிவர் கேபிளை இழுக்க மட்டுமே செய்யும். திரும்பத் தள்ளுவதற்கு அதனால் முடியாது. நீங்கள் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும்போது உங்கள் விரலின் பலம் டீரெய்லரின் ஸ்பிரிங்கை எதிர்த்து வேலை செய்கிறது. இறக்கும்போது லிவர் கேபிளை விட்டுவிடுகிறது, அதைப் பின்னோக்கி இழுத்துக்கொள்வது அந்தச் சிறிய ஸ்பிரிங் மட்டுமே. 8 கியர் ஷிமானோவில் ஒரு கிளிக்குக்கு நகரும் கேபிளின் நீளம் ஏறத்தாழ 2.8 மி.மீ. அவுட்டருக்குள் துருவும் மணலும் சேர்ந்து கேபிளைப் பிடித்துக்கொண்டால், விரலால் அதை வென்றுவிட முடிகிறது, ஸ்பிரிங்கால் முடிவதில்லை. அதனால்தான் கிளிக் கேட்ட பிறகும் செயின் பழைய பல்லிலேயே ஓடி, சாலையில் ஒரு குலுக்கல் வந்ததும் திடீரென்று இறங்குகிறது.

எங்கே பிடிக்கிறது என்று கண்டறிய ஒரு கருவியும் தேவையில்லை. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியபடி, பெடலைச் சுற்றி, செயினை மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றுங்கள். பிறகு பெடலைச் சுற்றாமல், உள்பக்கச் சிறிய லிவரை ஒவ்வொரு கிளிக்காகக் கடைசி வரை தட்டுங்கள். செயின் நகராது, கேபிள் மட்டும் தொளதொளவென்று தளரும். இப்போது பிரேமில் பற்ற வைத்திருக்கும் பிளவுள்ள தாங்கிகளிலிருந்து அவுட்டர் துண்டுகளை எளிதாகக் கழற்றிவிடலாம். ஒவ்வொரு துண்டையும் இரு விரல்களால் பிடித்துக் கேபிளின் மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நல்ல துண்டு தானாகவே வழுக்கிக்கொண்டு போகும். கெட்டதில் உப்புத்தாளில் தேய்ப்பது போன்ற நறநறப்பை விரல் நுனியே உணரும். அவுட்டரின் வாய் உட்கார்ந்திருந்த இடத்தில் கேபிளைச் சுற்றிப் பழுப்பு நிறத் துரு வளையம் ஒன்றும் தெரியக்கூடும்.

டீரெய்லருக்குள் நுழையும் கடைசி வளைவுத் துண்டையே நான் முதலில் சந்தேகிப்பேன். சக்கரம் வாரியிறைக்கும் நீர் அங்கேதான் நேராக விழுகிறது. கேபிள் வழியாக வழிந்து வரும் துளிகளும் அதன் வாய்க்குள்தான் இறங்குகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைநீர், மற்ற மாதங்களில் கடற்காற்றின் உப்பு என்று சென்னையில் அந்தத் துண்டுக்கு ஓய்வே கிடையாது. என் சொந்த சைக்கிளைக் கடலைப் பார்த்த பால்கனியில் ஒரு மழைக்காலம் முழுவதும் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது அந்த ஒரு துண்டில் மட்டும் கேபிள் அவுட்டரோடு ஒட்டிப்போய், குறடு போட்டு இழுக்க வேண்டியிருந்தது. ஷிஃப்டரும் டீரெய்லரும் இன்றுவரை அதே பழையவைதாம்.

அடுத்து, சைக்கிளைக் கவிழ்த்துப் பெடல் அச்சுக் கூட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழைய ரோடு சைக்கிள்களில் கேபிள் அங்கே ஒரு பிளாஸ்டிக் பள்ளத்தில் வளைந்து செல்லும். தண்ணீர்ப் புட்டியிலிருந்து சிந்தும் சர்க்கரை கலந்த பானமும், உடலிலிருந்து சொட்டும் வியர்வையும், சாலை மண்ணும் கலந்து அந்தப் பள்ளத்தில் பசைபோல உறைந்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். கேபிள் அறுத்து அறுத்துப் பள்ளம் ஆழமாகியிருந்தால் அந்தப் பிளாஸ்டிக்கையும் மாற்றிவிடுங்கள்.

கேபிள் தளர்ந்திருக்கும் இந்த நிலையிலேயே மற்ற இரண்டையும் சோதித்துவிடலாம். பிரேமின் கீழ்க்குழாய் ஓரமாகச் செல்லும் கேபிளை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு லிவரைத் தட்டுங்கள்: ஒவ்வொரு கிளிக்கும் இலேசாகவும் தெளிவாகவும் விழுந்தால் ஷிஃப்டர் நலமாக இருக்கிறது. பிறகு பெடலைச் சுற்றிச் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு இறக்கிவிட்டு, டீரெய்லரைக் கையால் உள்நோக்கித் தள்ளி விடுங்கள்: சட்டென்று திரும்பினால் அதிலும் குறையில்லை. மெதுவாகத் திரும்பினால், அதன் நான்கு மூட்டு ஊசிகளையும் பிரஷால் சுத்தம் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பலமுறை அசைத்துக் கொடுங்கள்.

கேபிள் தளர்ந்திருக்கும்போதும் லிவர் கனமாகவே இருந்தால் கவனம் தேவை. ஷிஃப்டருக்குள் கேபிள் கூர்மையாக வளையும் இடத்தில், அதன் தலைக்குச் சற்றுக் கீழே, இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து உள்ளே சிக்கிக்கொள்வது இந்த வகை லிவர்களில் வழக்கமாகக் காணும் பிரச்சினை. லிவரை மிகச் சிறிய பல்சக்கர நிலைக்குக் கொண்டுவந்து, பிரேக்கை அழுத்திப் பிடித்துப் பக்கவாட்டில் உள்ள துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் இழை பிரிந்திருந்தாலும் அதற்குமேல் ஓட்டாதீர்கள். தலை முற்றிலும் அறுந்து உள்ளே தங்கிவிட்டால் அதை வெளியே எடுப்பது மணிக்கணக்கான வேலை.

மாற்றுவதென்று முடிவு செய்தால் கேபிளையும் அவுட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய கேபிளைப் பழைய அவுட்டருக்குள் நுழைப்பது, அழுக்குக் குழாயில் நல்ல தண்ணீரை விடுவதற்குச் சமம். கியர் கேபிள் 1.1 அல்லது 1.2 மி.மீ. தடிமன் இருக்கும், துருப்பிடிக்காத எஃகில் கேட்டு வாங்குங்கள், நம் ஊர்க் காற்றுக்கு அதுதான் தாங்கும். அவுட்டர் 4 மி.மீ. கியர் அவுட்டராகவே இருக்க வேண்டும். பிரேக் அவுட்டரின் உள்ளே கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும்; அதைக் கியருக்குப் போட்டால் அழுத்தத்தில் அது சுருங்கி விரிவதால் கியர் துல்லியமாக விழாது. மறுதலையாக, நீளவாக்குக் கம்பிகள் கொண்ட கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. பிரேக்கைப் பலமாகப் பிடிக்கும் நேரத்தில் அது பிளந்துவிடக்கூடும். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பழைய துண்டுகளின் நீளத்தையே அளவாக வைத்து வெட்டலாம், முன்பு யாரும் குட்டையாக வெட்டியிருக்காத வரை. சாதாரணக் குறடு அவுட்டரின் வாயை நசுக்கிவிடும் என்பதால் கேபிள் கட்டரால் வெட்டி, அரத்தால் முனையைச் சமதளமாக்கி, மூடிப்போன உள்குழாயை ஒரு குத்தூசியால் வட்டமாகத் திறந்துவிடுங்கள். கடையில் செய்யச் சொன்னாலும், இந்த மூன்றும் நடக்கின்றனவா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். புதிய கேபிள் போட்டும் கனம் குறையவில்லை என்று வருகிற சைக்கிள்களில் நான் முதலில் தேடுவது நசுங்கிய அவுட்டர் வாயைத்தான். அவுட்டரின் ஒவ்வொரு முனைக்கும் அதற்கான சிறு தொப்பி கட்டாயம்.

உள்ளே பிளாஸ்டிக் குழாய் உள்ள நல்ல அவுட்டருக்கு எண்ணெயே தேவையில்லை. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விட வேண்டாம். தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு மீண்டும் இதே நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

புதிய கேபிளைப் பொருத்தும்போது செயின் மிகச் சிறிய பல்சக்கரத்தில் இருக்கட்டும். டீரெய்லரின் பின்னால் உள்ள திருகு உருளையை முழுவதும் உள்ளே திருகி, பிறகு இரண்டு சுற்று வெளியே எடுத்து, கேபிளைக் கையால் விறைப்பாக இழுத்து போல்ட்டை முடுக்குங்கள். பெடலைச் சுற்றியபடி, ஏற்றும் லிவரை ஒரு கிளிக் தள்ளுங்கள். செயின் அடுத்த பல்லுக்கு ஏறத் தயங்கினால் உருளையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்றுத் திருப்புங்கள். இரண்டு பல் தாண்டினால் கடிகாரத் திசையில். டீரெய்லர் இரு பக்கமும் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் எல்லைத் திருகுகள் இரண்டையும் தொடாதீர்கள், கேபிள் மாற்றத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. முதல் சில பயணங்களில் அவுட்டர் தன் இடத்தில் அழுந்தி உட்காரும். அதனால் கேபிள் சிறிது தளர்ந்தால், அதே உருளையில் மேலும் கால் சுற்றுப் போதும்.

இதற்குப் பிறகும் சில பல்சக்கரங்களில் நன்றாகவும் சிலவற்றில் சத்தத்தோடும் செயின் ஓடினால், டீரெய்லரைத் தாங்கும் கொக்கி வளைந்திருக்கலாம். அதைக் கடையில் உரிய அளவுகோல் வைத்து நிமிர்த்தச் சொல்லுங்கள். உங்கள் சைக்கிளில் கேபிள் பிரேமுக்கு வெளியே ஓடுகிறது என்பது பெரிய வசதி. வடகிழக்கு மழை ஓய்ந்ததும் ஜனவரியில் ஒருமுறை, மேலே சொன்னபடி கேபிளைத் தளர்த்தி, அந்தக் கடைசி வளைவுத் துண்டைக் கழற்றி உலரத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது.