டீலர் மீட்டை போர்தோ மாதிரி ஒரு ஒயின் ஊரில் நடத்தலாமா? நடத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இருக்கிறேன். 2018 செப்டம்பரில் எங்கள் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியின் டீலர் மீட்டை பிரான்ஸின் போர்தோவில் நடத்தி முடித்துவிட்டு, ஊர் திரும்பி ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்தவள் நான். உங்கள் முதலாளியும் எங்கள் எம்.டி. மாதிரி எங்கேயோ திராட்சைத் தோட்டத்துப் படம் பார்த்துவிட்டு "இங்கே வைத்துவிடலாம்" என்றிருப்பார். மீதி எல்லாம் உங்கள் தலையில், சரிதானே?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடியை ஆதரித்து இதை எழுதவில்லை. நான்கு நாளில் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை, என் மாமியாரே நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். கமெண்ட்டில் வந்து பாடம் மட்டும் எடுக்காதீர்கள்.

ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கிவிட்டது. டீலர்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் "போர்டோ" என்று எழுதினேன். தமிழில் அதை எப்படியும் படிக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. ஈரோட்டு டீலர் ஒருவர் தன் ஏஜென்ட்டிடம் சொல்லி அழகாக டிக்கெட் போட்டுவிட்டார், போர்ச்சுகலின் போர்ட்டோவுக்கு. டிக்கெட்டுகளைச் சரிபார்த்தபோது விமான நிலையக் குறியீடு பி.ஓ.டி. என்று இருக்க வேண்டிய இடத்தில் ஓ.பி.ஓ. என்று இருந்ததால் கண்டுபிடித்தேன். "ஏனுங்க மேடம், அங்கேயும் ஒயின்தானுங்களே" என்றார். அதுவும் உண்மைதான், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

படத்தில் பார்க்கும் பழைய ஊர் வேறு, மாநாடு நடக்கும் இடம் வேறு. பெரிய மாநாட்டு மண்டபமும் கண்காட்சித் திடலும் ஊருக்கு வடக்கே ஏரிக்கரையில், போர்தோ-லாக் என்ற பகுதியில் இருக்கின்றன. டிராமில் போய் வரலாம். ஆனால் "யுனெஸ்கோ 2007இல் அங்கீகரித்த ஊரில் மீட்டிங்" என்று அழைப்பிதழில் போட்டுவிட்டு ஏரிக்கரை ஹோட்டலில் இறக்கினால் டீலர் முகம் சுருங்கும். பழைய ஊருக்குள்ளேயே தங்க வைத்தால் தெருக்கள் குறுகல், பஸ் வாசல் வரை வராது. அறுபது பேர் டிராலி பெட்டியைக் கல் பாவிய தெருவில் இழுத்துக்கொண்டு வரும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பாரிஸிலிருந்து வருவது மட்டும் சுகம். 2017இல் புது அதிவேகப் பாதை திறந்த பிறகு மோன்பர்னாஸ் ஸ்டேஷனிலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சம்தான்.

டிராம் என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய ஊரின் அழகு கெடக்கூடாது என்று அங்கே மேலே கம்பி இழுக்கவில்லை, தரையில் பதித்த மூன்றாவது தண்டவாளத்தில் கரண்ட் வருகிறது, அதுவும் வண்டி மேலே நிற்கும் துண்டுக்கு மட்டும். எம்.டி. அடிப்படையில் மோட்டார் ஆள். "அம்மிணி, கம்பியே காணோம் பாரு" என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தவர் நான்கு டிராமை விட்டுவிட்டார். வரவேற்புரை முக்கால் மணி நேரம் தாமதம்.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். செப்டம்பர் என்றால் அறுவடை. எட்டு ஷாட்டோவுக்கு, அதாவது ஒயின் தயாரிக்கும் தோட்டங்களுக்கு, எழுதியதில் ஆறு பேர் முடியாது என்றார்கள். கடைசியில் செந்த் எமிலியோன் பக்கம் ஒருவர் முதல் நாள் காலை பத்து மணிக்கு மட்டும் வாருங்கள் என்றார். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டேன், அங்கேதான் தப்பு. டேஸ்டிங் என்றால் வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்ப வேண்டும், அதற்கென்று வாளி வைத்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் துப்புவார்களா? "காசு குடுத்ததைத் துப்பச் சொல்றானே" என்று ஒருவர் ஆரம்பிக்க, வாளி கடைசி வரை காய்ந்தே கிடந்தது. மதியம் மூன்று மணிக்கு எம்.டி. புது கிரெடிட் பாலிசியை விளக்கும்போது ஹாலில் இருபத்திரண்டு பேர். அதில் ஐந்து பேர் தூக்கம்.

இதில் எம்.டி.க்கு இன்னொரு கனவு, இத்தனை தோட்டத்துக்கும் பம்ப் விற்கலாம் என்று. அந்தத் தோட்டக்காரர் சிரித்துவிட்டார். காய்க்கிற கொடிக்குத் தண்ணீர் பாய்ச்ச அங்கே விதி விடாது, கடும் வறட்சி என்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். வேர் தண்ணீரைத் தேடி ஆழத்துக்குப் போனால்தான் பழம் நன்றாக இருக்குமாம். தண்ணீர் பாய்ச்ச விடாத ஊராகத் தேடிப்பிடித்துப் பம்ப் கம்பெனியைக் கூட்டிப் போனது நானாகத்தான் இருப்பேன்.

அதனால் நான் சொல்வது, தோட்டத்தைக் கடைசி நாள் மத்தியானத்துக்குத் தள்ளுங்கள், முடியாவிட்டால் தோட்டமே வேண்டாம். 2016இல் ஊருக்குள் ஆற்றோரமாக ஒயின் மியூசியம் ஒன்று திறந்திருக்கிறார்கள், சித்தே து வேன். டிக்கெட்டோடு எட்டாவது மாடியில் ஒரே ஒரு கிளாஸ், குடிக்காதவர்களுக்குத் திராட்சை ஜூஸ். அளவோடு முடியும். செப்டம்பர், அக்டோபர் வேண்டாம். வசந்த காலத்தில் பீப்பாய் ஒயினை ருசி பார்க்க உலக வியாபாரிகள் எல்லாம் வரும் வாரத்தில் ரூம் கிடைக்காது. நவம்பரில் மழை பெய்யும், ஆனால் ரூம் கிடைக்கும்.

ஈரோட்டுக்காரர் விஷயத்துக்கு வந்தால், சிறிய கூட்டம் என்றால் போர்ட்டோவையும் பாருங்கள். அங்கே ஆற்றங்கரையிலிருக்கும் பழைய சுங்கக் கட்டடத்தையே மாநாட்டு மையமாக்கியிருக்கிறார்கள், ஒயின் கிடங்குகள் எதிர்க்கரையில், பாலத்தில் நடந்தே போய்விடலாம். தோட்டங்கள் மட்டும் ஆற்றோடு மேலே வெகுதூரம். அது நல்லதுதான், யாரும் மீட்டிங்கிலிருந்து நழுவ முடியாது.

இவ்வளவும் செய்துவிட்டு வந்தால் எங்கள் அக்கவுன்ட்ஸில் டிராம் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி பில் கேட்டார்கள். பிரான்ஸ் டிராமுக்கு! ஆறு மெயில் போட்டேன், பணம் இன்றுவரை வரவில்லை. அந்த வருட அப்ரைசலில் "செலவுக் கட்டுப்பாடு" என்ற இடத்தில் எனக்கு மூன்று மார்க். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும்.

சாப்பாடு. சைவம் என்று பத்துத் தடவை சொல்லுங்கள், பதினோராவது தடவை எழுதிக் கொடுங்கள், உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில் வறுப்பார்கள். சூரத் டீலர் ஒருவர் வெங்காயம்கூடத் தொடாதவர், நான்கு நாளும் பழமும் ரொட்டியும்தான். காபி நேரத்தில் கறுப்பாக, வரிவரியாக, கட்டைவிரல் உயரத்தில் ஒரு பலகாரம் வைத்தார்கள், கனலே என்று பெயர். வெளியே மொறுமொறு, உள்ளே நம் பால்கோவா பதத்தில் குழைவு. மூன்று சாப்பிட்டார். அப்புறம்தான் ஹோட்டல் பெண்ணிடம் கேட்டேன். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவை எடுத்துக்கொள்வார்களாம், மிஞ்சிய மஞ்சள் கருவில் பிறந்த பலகாரம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்களாம். கூடவே ரம்.

வருடா வருடம் தீபாவளி வாழ்த்தோடு அவரிடமிருந்து ஒரு வரி வரும்: "அந்தக் கறுப்பு ஸ்வீட் பெயர் என்ன மேடம், வீட்டில் செய்யச் சொல்ல வேண்டும்." வாழ்த்துக்கு மட்டும் பதில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.