டார்கெட்டை ஏற்றினால் பீஸ் ஏறுமா?

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். 22 பேர் கொண்ட லைனில் 8 மணி நேரத்தில் 900 டி-சர்ட் வருகிறது. ஓனர் 1,200 கேட்கிறார். எல்லோருக்கும் டார்கெட்டை மூன்றில் ஒரு பங்கு ஏற்றினேன். இரண்டு டீ நேரத்தையும் 15 நிமிடத்திலிருந்து 10 ஆக்கினேன். பீஸ் 900-ஐத் தாண்டவில்லை, 4 பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். சைடு அடிக்கும் (டி-சர்ட்டின் பக்கவாட்டைத் தைக்கும்) இரண்டு டெய்லர்கள் முன்னால் எப்போதும் பண்டல் குவிந்து கிடக்கிறது. தினமும் 2 மணி நேரம் கூடுதலாக ஓட்டச் சொல்கிறார் ஓனர். இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டுமோ?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: வேண்டாம். உங்கள் கண்டிப்பில் குறை எதுவும் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது. விடையையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பண்டல் குவிந்து கிடக்கும் இடம்.

8 மணி நேரம் என்பது 28,800 வினாடி. 900 பீஸை இரண்டு பேர் சைடு அடிக்கிறார்கள் என்றால் ஆளுக்கு 450, பீஸுக்கு 64 வினாடி. லைனில் மற்ற 20 பேரும் பறந்து பறந்து தைத்தாலும் அந்த இரண்டு ஓவர்லாக்கை (ஓரம் சேர்த்துத் தைக்கும் மெஷினை) தாண்டி 900-க்கு மேல் ஒரு பீஸ்கூட வெளியே வராது. ஷோல்டர் அடிப்பவரின் டார்கெட்டை ஏற்றியதில் நடந்தது ஒன்றுதான்: குவியல் பெரிதானது. ஷோல்டரில் தையல் விட்டிருந்தால் அது தெரிய வருவதற்குள் 200 பீஸ் சேர்ந்திருக்கும். பிரித்துத் தைக்கிற நேரமும் அதே லைனின் தலையில்தான் விழும்.

டீ நேரத்தில் நீங்கள் பிடித்தது நாளைக்கு 10 நிமிடம். உங்கள் வேகத்துக்கு அது 19 பீஸ். அதற்காகப் பழகிய 4 பேரை இழந்திருக்கிறீர்கள். நின்றவர்களில் ஒருவர் சைடு டெய்லராக இருந்தால் மறுநாள் லைன் 450-ல் நின்றிருக்கும்.

நாளைக் காலையில் அந்த இரண்டு டெய்லர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். எதற்காக நேரம் எடுக்கிறீர்கள் என்பதை முதலில் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஸ்டாப்வாட்ச்சில் காலை 11 மணிக்குப் பத்துப் பீஸ், மாலை 4 மணிக்குப் பத்துப் பீஸ். பண்டல் அவிழ்ப்பது, நூல் அறுந்து கோப்பது எல்லாம் கணக்கில் வர வேண்டும். மிக வேகமான பீஸை எடுத்துக்கொண்டு அதையே எல்லோருக்கும் அளவுகோலாக்கும் பழக்கம் பல கம்பெனிகளில் இருக்கிறது; அது தப்பு. சராசரிதான் உண்மை.

கையைக் கவனித்துப் பாருங்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்க்க வேண்டும், கக்கத்தில் இரண்டு தையலும் நேருக்கு நேர் வர வேண்டும், இடது பக்கம் வாஷ்கேர் லேபிளைச் செருக வேண்டும். லேபிள் கட்டிலிருந்து ஒன்றை உருவி, திசை பார்த்து, மடித்து வைப்பதையும் டெய்லரே செய்துகொண்டிருந்தால் அங்கேதான் வினாடிகள் போகின்றன. கைமடியில் (டெய்லருக்கு எடுபிடியாக) இருப்பவர் லேபிளை எண்ணி மடித்து, பண்டலைத் திருப்பி வைத்துக் கொடுக்கட்டும். பீஸுக்கு 6 வினாடி மிச்சமானாலே 64 என்பது 58 ஆகும். அதே இரண்டு மெஷினில் 993 பீஸ் வரும்.

1,200-க்கு அது போதாது. அதற்கு 24 வினாடிக்கு ஒரு பீஸ் இறங்க வேண்டும். ஸ்லீவ் ஏற்றுவதற்கு நீங்கள் அளந்தது 52 வினாடி என்று வைத்துக்கொள்வோம். சைடும் ஸ்லீவும் சேர்ந்து 110 வினாடி; 24-ஆல் வகுத்தால் 4.6 ஆள். இப்போது ஸ்லீவிலும் இரண்டு பேர் என்றால் மொத்தம் 4. இரண்டு வேலையும் தெரிந்த ஒரு ஓவர்லாக் டெய்லர் கூடுதலாக வந்தால் போதும். பிறகு பேட்லாக்கையும் (மடித்த ஓரத்தைத் தைக்கும் மெஷினையும்) இதேபோல் அளந்துவிடுங்கள், அடுத்த நெருக்கடி பெரும்பாலும் அங்கேதான் வரும். மெஷினுக்கு மெஷின் மூன்று பண்டலுக்கு மேல் சேர விடாதீர்கள்.

ஓனரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 22 பேர், 2 மணி நேரம், அதற்கு இரட்டைச் சம்பளம் (1948 தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்து இருக்கிற விதி இது): 88 மணி நேரக் கூலி. களைத்த கையிலும் வேகம் குறையாது என்றே வைத்தாலும் கிடைப்பது 225 பீஸ். ஒரு டெய்லரைச் சேர்த்தால் 8 மணி நேரக் கூலியும் ஒரு மெஷினும்தான் செலவு, கிடைப்பது 300 பீஸ்.

ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பீஸ் ஏறியதும் பீஸுக்கான கூலி ரேட்டைக் குறைக்காதீர்கள். ஒரு முறை குறைத்தால் அடுத்த முறை ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்ததும் கை தானாக மெதுவாகும், அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. எட்டாத டார்கெட் போர்டில் தொங்கும்போது பெண்கள் கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே விடுகிறார்கள். அந்த வலி உங்கள் ரிப்போர்ட்டில் எந்தக் கட்டத்திலும் வராது. டீ நேரத்தை நாளையே பழையபடி 15 ஆக்குங்கள். கணக்கு தப்பு என்று லைன் முன்னால் நின்று நீங்களே சொல்லுங்கள். நின்றுபோன நாலு பேருக்கும் போன் செய்யுங்கள். உங்களுக்குத் தேவைப்படும் ஓவர்லாக் டெய்லர் அவர்களில் ஒருவராகவே இருக்கலாம்.