தாத்தாவின் ஜெம் ரேசர்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். வீடு மாறும்போது அவருடைய தகரப்பெட்டியில் ஒரு ரேசர் கிடைத்தது. ‘ஜெம் மைக்ரோமேட்டிக்’ என்று பொறித்திருக்கிறது. அடிக்குமிழைத் திருகினால் தலை திறக்கிறது. கடையில் வாங்கிய பிளேடு அதில் உட்காரவில்லை. பழைய ரேசரில் சவரம் செய்வது சுகம் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எனக்கோ சவரம் தினசரித் தொல்லை. இதைப் பயன்படுத்தலாமா, அலமாரியில் வைத்துவிடலாமா?

- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

அலமாரியில் வைக்காதீர்கள். பிளேடு மாற்றினால் போதும், அது இன்றைக்கும் வேலை செய்யும்.

நீங்கள் வாங்கியது இருபக்க பிளேடாக இருக்கும். ஜெம்முக்கு ஒரு பக்கம் மட்டும் கூரும், மறுபக்கம் தடித்த முதுகும் உள்ள பிளேடு வேண்டும். ஜில்லெட் 1903இல் இருபக்க பிளேடை விற்க ஆரம்பிப்பதற்கு முன்பே, 1880இல் நியூயார்க்கில் காம்ஃபே சகோதரர்கள் ஒருபக்க ரேசருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். உங்கள் தாத்தாவுடையது அந்த வழியில் வந்ததுதான். ஜெம் பிளேடுகள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. இரும்புக்கடையில் பெயிண்ட் சுரண்ட விற்பதும் பார்க்க அதே மாதிரி இருக்கும். அதை முகத்தில் வைக்கவே கூடாது. ரேசரை வெந்நீர், சோப்பு, பழைய பல் பிரஷ் கொண்டு கழுவுங்கள். அது போதும்.

சரி, சுகத்துக்கு வருகிறேன். என்னுடையது ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது. முதல் நாள், பிளாஸ்டிக் ரேசரை அழுத்துகிற பழக்கத்தில் அழுத்திவிட்டேன். தாடையில் நல்ல வெட்டு. படிகாரத்தை வைத்து அழுத்திக்கொண்டு நின்றபோது அப்பா ஞாபகம் வந்தது. அவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். மரத்தில் கத்தியை அவர் அழுத்தி நான் பார்த்ததே இல்லை. கத்தியைச் சரிவாக வைத்து இழுப்பார். பட்டை மெல்லிய சீவலாகச் சுருண்டு விழும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம், அப்புறம் அந்த இடம் முண்டு கட்டிவிடும். “கத்தி வெட்டட்டும், நீ பிடிச்சுக்கிட்டா போதும்” என்பார்.

மறுநாள் அப்படியே செய்தேன். ரேசரின் தலையைக் கன்னத்தில் தட்டையாகப் படியவைத்து, பிளேடு முடியைத் தொடும் அளவுக்கு மட்டும் பிடியைக் கீழே இறக்கினேன். எடையை ரேசரிடமே விட்டுவிட்டேன். ஜெம் பிளேடு சாதாரண பிளேடைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிப்பு, அதனால் அது பேசும்! ஒவ்வொரு இழுப்புக்கும் ‘சர்ர்க்’ என்று ஒரு சத்தம், காய்ந்த ஓலையை நகத்தால் கீறுவது போல. கோணம் சரியாக இருந்தால் சத்தம் ஒரே சீராக வரும். தவறினால் சத்தம் அடங்கிவிடும், அல்லது தோல் இழுபடும். கண்ணாடியைப் பார்ப்பதைவிடக் காதால் கேட்டே சவரம் செய்யலாம்.

காலையில் வேறு எந்த வேலையிலும் எனக்கு இந்தக் கவனம் கூடுவதில்லை. நான் சொன்ன சுகம் அதுதான்.

நுரையை நன்றாகக் குழைத்து, முதல் நாள் கன்னங்கள் இரண்டை மட்டும் செய்யுங்கள். தாடையும் கழுத்தும் ஒரு வாரம் கழித்து. சத்தம் எப்படி வந்தது என்று எழுதுங்கள்.