முதுகில் இடிப்பது வீரம் இல்லை

கேள்வி: பதினொரு வருடமாக மினியாபொலிஸில் இருக்கிறேன். மினசோட்டா பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணி என்றால் எனக்கு உயிர். நார்த் டகோட்டாவோடு ஆட்டம் இருந்தால் முதல் நாள் தூக்கம் வராது. இடி, தள்ளுமுள்ளு, கைகலப்பு எல்லாம் இருக்கும், முடிந்த பிறகும் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இரண்டு நாளைக்கு அதே பேச்சுதான். ஆனால் கல்லூரி ஹாக்கியின் விதிகள் பையன்களைக் கட்டிப்போடுகின்றன. தொழில்முறை லீகான என்ஹெச்எல்லில் சண்டை போட்டால் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஆட வரலாம். இங்கே உடனே வெளியே, அடுத்த ஆட்டமும் போச்சு. முகம் முழுக்கக் கம்பிக்கூண்டு வேறு. பின்னாலிருந்து கொஞ்சம் பலமாக இடித்தால்கூட ரெஃப்ரி 'மேஜர்', அதாவது ஐந்து நிமிடப் பெரிய தண்டனை, என்று கையைத் தூக்குகிறார். பகை என்றால் பகையாக ஆடவிட வேண்டாமா? ரோஷம் இல்லாத ஹாக்கி என்ன ஹாக்கி?
(வாசகர், மினியாபொலிஸ்)

பதில்: ரோஷம் வேண்டும், சரி. அதில் உங்களோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் பின்னாலிருந்து 'கொஞ்சம் பலமாக' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அதனால்தான் இந்த வாரம் மற்ற கேள்விகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பகை. அது அந்நியர்களுக்குள் இருக்கிற பகை இல்லை, பங்காளிச் சண்டை. நார்த் டகோட்டா பல்கலைக்கழகம் இருக்கிற கிராண்ட் ஃபோர்க்ஸ் ரெட் நதிக்கரை ஊர், பாலத்தைத் தாண்டினால் மினசோட்டா வந்துவிடும். மினசோட்டாவின் வடகோடியில் ரோஸோ, வாரோட் என்று சின்னச் சின்ன ஊர்கள், குளிர்காலம் முழுக்கப் பையன்கள் ஐஸ் மேலேயே கிடக்கிற ஊர்கள், அங்கிருந்து பார்த்தால் மினியாபொலிஸைவிட கிராண்ட் ஃபோர்க்ஸ்தான் பக்கம். வாரோட் பள்ளிக்காக ஆடிய டி.ஜே. ஓஷி நார்த் டகோட்டாவுக்குப் போனார், ரோஸோக்காரர் நீல் பிராட்டன் மினசோட்டாவுக்கு வந்தார். இப்படி ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு நிற ஜெர்சி போட்டுக்கொண்டு எதிரெதிரே நிற்கும்போது சூடு தானாக ஏறத்தான் செய்யும். 2013இல் இரண்டு அணிகளும் வேறு வேறு லீகுக்குப் போய் அடிக்கடி மோதாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான்.

அந்தப் பகை கொடுத்த பெரிய நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். 1979, டெட்ராய்ட், சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். முதலாம் ஆண்டு மாணவர் பிராட்டன் கீழே விழுந்துகொண்டே பக்கை (பந்துக்குப் பதில் ஆடுகிற தட்டையான வட்டை) தூக்கிப் போட்ட கோலில் மினசோட்டா 4-3 என்று நார்த் டகோட்டாவை ஜெயித்தது. 2014, பிலடெல்ஃபியா, அரையிறுதி. 1-1 என்று நிற்கிறது, மினசோட்டா ஒரு ஆள் குறைவாக ஆடுகிறது, ஓவர்டைம்தான் என்று எல்லோரும் மனதைத் தயார்செய்துகொண்ட நேரத்தில், கடிகாரத்தில் 0.6 வினாடி பாக்கி இருக்கும்போது ஜஸ்டின் ஹோல் கோல் போட்டார். கிராண்ட் ஃபோர்க்ஸில் யாரிடமாவது அந்த 0.6ஐச் சொல்லிப் பாருங்கள், இன்றைக்கும் முகம் மாறும். ரோஷத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்றும் சொல்கிறேன். பக் என்பது உறையவைத்த கெட்டி ரப்பர், 170 கிராம் எடை. எதிரணிக்காரன் அதை முழு பலத்தோடு விளாசும்போது, குறுக்கே போய் முழங்காலைப் போட்டுத் தன் உடம்பால் தடுக்கிறானே ஒரு டிஃபென்ஸ் பையன், அதுவும் ஒரு ஆள் குறைவாக ஆடும்போது ஒரே ஷிஃப்டில் (பெஞ்சிலிருந்து ஐஸில் இறங்கி ஆடுகிற ஒரு முறையில்) இரண்டு மூன்று தடவை தடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே பெஞ்சுக்குப் போகிறானே, அவனைப் பற்றி உங்கள் வட்டத்தில் இரண்டு நாள் பேசுவீர்களா? எனக்குத் தெரிந்து அந்தப் பேச்சு இரண்டு நிமிடம் நீடித்தாலே பெரிது, யார் யாரை எங்கே சாத்தினார்கள் என்பதுதான் மற்ற நேரமெல்லாம் ஓடும்.

இப்போது அந்த 'பின்னாலிருந்து' விஷயத்துக்கு வருகிறேன். எதிரே வருகிறவனைத் தோளால் இடிப்பது ஐஸ் ஹாக்கியில் முறையான ஆட்டம். பக் அவனிடம் இருக்கிறது, நீங்கள் வருவதை அவன் பார்க்கிறான், முழங்காலை மடக்கி உடம்பை இறுக்கிக்கொள்கிறான். நல்ல இடி விழும்போது கேலரியே எழுந்து நிற்கும், நானும்தான் நிற்பேன். மூலையில் பக்கைத் தோண்டுகிறவன் கதை வேறு. அவன் தலை குனிந்திருக்கிறது, கண் பக்கின் மேல், முகம் ஆடுகளத்தைச் சுற்றியிருக்கிற பலகைச் சுவரைப் பார்த்து. பலகையோடு ஒட்டி நின்றால் பாதி ஆபத்துதான், பறந்து போய் மோத இடமில்லை. ரொம்பத் தள்ளி நின்றால் கையை ஊன்றிக்கொள்ள நேரம் கிடைக்கும். மூன்றடி நான்கடி தூரத்தில் நிற்கும்போதுதான் ஆபத்து. அந்த இடத்தில் முதுகில் ஒரு தள்ளு விழுந்தால் தலைதான் முதலில் போய் மோதும். கழுத்து மடங்கியிருக்கும்போது உச்சந்தலையில் விழுகிற அடி நேராகக் கழுத்தெலும்புக்குப் போகும். ஹெல்மெட் மண்டையைக் காப்பாற்றலாம், கழுத்துக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சில சிறுவர் லீகுகளில் ஜெர்சியின் முதுகில் சாலையில் இருக்கிற மாதிரி 'ஸ்டாப்' பலகைச் சின்னத்தைத் தைத்துவிடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்து வளர்த்துவிட்டு, இருபது வயதில் அதையே அவன் செய்யும்போது நாம் கைதட்டினால் என்ன அர்த்தம்?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரி ஆட்டத்தைக் கண்ணாடி ஓரத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். எந்த அணிகள் என்பது இங்கே வேண்டாம். எனக்கு நேர் எதிரே ஒரு பையன் மூலையில் பக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், அவன் முதுகு எண் தெளிவாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது என்றால் பின்னால் பாய்ந்து வந்தவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பலகை அதிர்ந்தது என் காலில் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் ஒருவர், தோளில் மகனைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எழுந்திருடா, நடிக்காதே" என்கிற மாதிரி இங்கிலீஷில் கத்தினார். அந்தப் பையன் நடிக்கவில்லை. குப்புறக் கிடந்தபடியே ஒரு கையுறையை உதறிக் கழற்றினான், வெறும் கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கி நீட்டினான். வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தும் மடங்கிய பிறகுதான் எழுந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அன்றைய ஸ்கோர் என் மனதில் பதியவே இல்லை.

அந்தப் பையன் ஏன் முதலில் விரலைப் பார்த்தான் என்று ஹாக்கி ஆடுகிறவர்களைக் கேளுங்கள், டிராவிஸ் ராய் பேரைச் சொல்வார்கள். 1995 அக்டோபர் 20. பாஸ்டன் யூனிவர்சிட்டி, எதிரணி உங்கள் நார்த் டகோட்டாவேதான். முதலாம் ஆண்டு மாணவர், வயது 20, ஜெர்சி எண் 24, முதல் கல்லூரி ஆட்டம், முதல் ஷிஃப்ட். ஐஸில் இறங்கி 11 வினாடி. எதிரணி வீரரை இடிக்கப் போனார், இடி சரியாக விழவில்லை, நிலைதடுமாறி நேராகப் பலகையில் தலை மோதியது. கழுத்தில் நான்காவது எலும்பு நொறுங்கியது, கழுத்துக்குக் கீழே அசைவு போனது. அவரை யாரும் பின்னாலிருந்து தள்ளவில்லை, யார் மேலும் தப்பு இல்லை. மறு வருடமே தன் பேரில் அறக்கட்டளை தொடங்கி, தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும் ஆராய்ச்சிக்கும் கடைசிவரை பணம் திரட்டிக்கொடுத்தார். 2020 அக்டோபரில் இறந்தார், வயது 45. ஒழுங்கான ஆட்டத்தில், எவர் தவறும் இல்லாமல், 11 வினாடியில் பலகை இதைச் செய்யும் என்றால், வேண்டுமென்றே ஒருத்தனை அதில் கொண்டுபோய்த் தள்ளுவதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

என்ஹெச்எல்லை உதாரணம் காட்டுகிறீர்கள். சண்டைக்கு ஐந்து நிமிடம் என்பது வாஸ்தவம். ஆனால் பின்னாலிருந்து இடிப்பதற்கு அதே என்ஹெச்எல் விதிப்புத்தகத்தில் இரண்டு நிமிடத் தண்டனை என்பதே கிடையாது. மேஜர் கொடுத்தால் ஆளும் வெளியே. கல்லூரியை மட்டும் ஏன் குறைசொல்கிறீர்கள்? சண்டை விஷயத்திலும் கல்லூரி விதி எனக்குப் பிடித்த விதி. பொதுவாக வெள்ளி, சனி என்று இரண்டு நாள் தொடர்ந்து ஒரே அணியோடு ஆடுகிறார்கள். வெள்ளிக்கிழமை கையை ஓங்கியவன் சனிக்கிழமை கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மேலே உட்கார்ந்து பார்க்க வேண்டும், இரண்டாம் தடவை ஓங்கினால் இரண்டு ஆட்டம். சீசன் முழுக்கவே முப்பத்துச் சொச்சம் ஆட்டம்தான். அந்தக் குத்தின் விலையை முதலில் கொடுப்பது உங்கள் அணிதான்.

கென் டிரைடனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கோல்கீப்பர், 1967இல் கல்லூரி சாம்பியன், பிறகு மான்ட்ரியாலுக்காக என்ஹெச்எல் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை ஆறு தடவை, அதற்கப்புறம் கனடாவில் மந்திரி. பல வருடங்களாக அவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்: அடி முழங்கையால் விழுந்ததா தோளால் விழுந்ததா, தெரிந்து விழுந்ததா தெரியாமல் விழுந்ததா என்று மூளைக்குத் தெரியாது, தலையில் பட்டால் தண்டனை கொடுங்கள். ஹாக்கியை மென்மையாக்க நினைத்தவர் என்று இவரைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

நண்பர்கள் 1976ஐ இழுப்பார்கள், தெரியும். டென்வரில் அரையிறுதி, மினசோட்டாவுக்கும் பாஸ்டன் யூனிவர்சிட்டிக்கும். ஆரம்பித்து ஒரு நிமிடம் கொஞ்சம் தாண்டியிருக்கும், பெரிய அடிதடி, ஆட்டமே நின்றுபோனது. கடைசியில் மினசோட்டா 4-2. அந்த மினசோட்டாவின் கோச் ஹெர்ப் புரூக்ஸ். நான்கு வருடம் கழித்து, 1980 பிப்ரவரி 22, லேக் பிளாசிடில் சோவியத் அணியை 4-3 என்று கவிழ்த்த அமெரிக்க ஒலிம்பிக் அணிக்கும் அவர்தான் கோச். அதில் அவருடைய பழைய மினசோட்டாப் பையன்களோடு பாஸ்டன் யூனிவர்சிட்டிக்காரர்கள் நான்கு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றி கோலைப் போட்ட மைக் எரூசியோனி டென்வரில் எதிர்ப்பக்கத்து அணியில் இருந்தவர். டென்வரில் யாருடைய கழுத்தாவது ஒடிந்திருந்தால் இந்தக் கதையை இத்தனை சந்தோஷமாக யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் வட்டத்தில் நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, ரசிகர்கள் பேச்சில் பாதி அதுதான். நம் ஆள் இடித்தால் 'நல்ல ஃபிசிக்கல் ஆட்டம்', அவன் இடித்தால் 'அயோக்கியன்'. அடுத்த தடவை ஒரு இடியைப் பற்றி வாதம் வரும்போது ஜெர்சி நிறத்தை மாற்றி வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஐஸில் நிற்பவர்கள் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள், பத்தாயிரம் பேர் எதற்குக் கத்துகிறார்கள் என்று அவர்களுக்குக் காது இருக்கிறது. அடிபட்டவன் கிடக்கும்போது எழும் ஆரவாரமும் அவர்கள் காதில் விழுகிறது.

கம்பிக்கூண்டைப் பற்றி நீங்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. முகம் பத்திரம் என்கிற தைரியத்தில் ஸ்டிக்கை உயரத் தூக்குகிறார்கள், கவனம் குறைகிறது என்று கோச்சுகளே பேசுவதுண்டு. ஆனால் கண்ணும் பல்லும் போன காலத்துக்குத் திரும்பலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து நார்த் டகோட்டா அங்கே ஆட வரும்போது டிக்கெட் எடுத்தால் உயரத்தில் வேண்டாம். கோலுக்குப் பின்னால் மூலையில், கண்ணாடியை ஒட்டின வரிசையில் வாங்குங்கள், உங்கள் மினசோட்டாப் பையன் பக்கைத் தோண்டும்போது முதுகு எண்ணைப் படிக்கிற தூரத்தில். பார்த்துவிட்டு எழுதுங்கள், அதையும் இதே பக்கத்தில் போடுகிறேன்.