மைட்டோகாண்ட்ரியா யாரோடும் சேராததா? தேர்வில் எதை எழுதுவது?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன், நீட் தேர்வுக்கும் தயாராகிறேன். மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம், பெராக்ஸிசோம் ஆகியவற்றின் வேலை செல்லின் மற்ற நுண்ணுறுப்புகளோடு ஒருங்கிணையாததால் அவை உட்சவ்வுத் தொகுதியில் சேரா என்று என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் சொல்கிறது. ஆனால் எண்டோபிளாச வலையும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒட்டிக்கொண்டு வேலை செய்கின்றன என்கிறார் எங்கள் ஆசிரியை. தேர்வில் எதை எழுதுவது? இதைப் பள்ளி மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியுமா?

பதில்: தேர்வில் புத்தகத்தில் உள்ளபடி எழுதுங்கள். ஆசிரியை சொன்னதையும் நம்புங்கள். உட்சவ்வுத் தொகுதியில் யார் சேர்த்தி என்பது ஒரு கேள்வி. யார் யாரோடு தொடர்பு வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. 'ஒருங்கிணையாததால்' என்ற அந்த ஒரு சொல்தான் இரண்டையும் குழப்பிவிடுகிறது.

எண்டோபிளாச வலை, கோல்கை, லைசோசோம், நுண்குமிழ்ப்பை ஆகியவை சவ்வுக் குமிழிகள் மூலம் சரக்கு அனுப்பிக்கொள்ளும் கூட்டம். இதுதான் உட்சவ்வுத் தொகுதி. குமிழி ஓரிடத்தில் கிள்ளப்பட்டுப் பிரிந்து, இன்னோரிடத்தில் போய் இணைகிறது. இந்தப் போக்குவரத்து எப்படி ஒழுங்காக நடக்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காகத்தான் ராத்மேன், ஷெக்மன், சூதோஃப் என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2013இல் நோபல் பரிசு கிடைத்தது. மைட்டோகாண்ட்ரியா இந்த வழித்தடத்தில் இல்லை. அதற்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை சைட்டோசாலில், அதாவது நுண்ணுறுப்புகளைச் சூழ்ந்துள்ள திரவத்தில், உருவாகி நேரடியாக உள்ளே போகின்றன. அதனால் அதைத் தொகுதிக்கு வெளியே வைப்பது சரிதான்.

ஆனால் எல்லாவற்றையும் குமிழியில் அனுப்பத் தேவையில்லை. நம் பக்கத்து வளவு வீடுகளில் குழம்புக் கிண்ணத்தைச் சுவருக்கு மேலாகவே நீட்டிவிடுவார்கள் அல்லவா, செல்லுக்குள்ளும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. எண்டோபிளாச வலையின் சவ்வும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வும் சில இடங்களில் 10 முதல் 30 நானோமீட்டர் இடைவெளிக்கு நெருங்குகின்றன. இரண்டும் ஒன்றாகக் கலப்பதில்லை. புரதங்கள் அவற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. இவற்றுக்குச் சவ்வுத் தொடுகை இடங்கள் என்று பெயர்.

அங்கே கைமாறும் முதல் பொருள் கொழுப்பு. கொழுப்பு நீரில் கரையாது. தானாக நீந்திப் போகவும் முடியாது. பாஸ்ஃபாட்டிடைல்செரின் என்ற சவ்வுக் கொழுப்பு எண்டோபிளாச வலையில் தயாராகி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகிறது. அதன் உட்சவ்வில் பாஸ்ஃபாட்டிடைல்எத்தனோலமீனாக மாறுகிறது. அதில் ஒரு பங்கு திரும்ப எண்டோபிளாச வலைக்கே வந்து இன்னொரு கொழுப்பாகிறது. ஒரு பொருளைச் செய்து முடிக்க இரண்டு உறுப்புகளும் மாறி மாறிக் கை வைக்க வேண்டியிருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவோடு ஒட்டிவரும் சவ்வுத் துண்டுகளை எலியின் கல்லீரல் செல்களிலிருந்து பிரித்தெடுத்து, பாஸ்ஃபாட்டிடைல்செரினைச் செய்யும் நொதி அங்கே இருப்பதை ஜீன் வான்ஸ் என்ற விஞ்ஞானி 1990இல் காட்டினார். ஈஸ்ட் செல்லில் இரண்டு உறுப்புகளையும் கட்டிப்போடும் புரதக் கூட்டு 2009இல் தெரியவந்தது.

இரண்டாவது, கால்சியம். இங்குதான் இடைவெளி சிறிதாக இருப்பதன் பயன் புரியும். மைட்டோகாண்ட்ரியாவின் கால்சியம் வாயில் கொஞ்சம் மந்தமானது. சைட்டோசாலில் சாதாரணமாக இருக்கும் சொற்ப அளவுக்கு அது அசையாது. எண்டோபிளாச வலை அந்த ஒடுங்கிய சந்தில் கால்சியத்தைத் திறந்துவிடும்போது, அங்கே மட்டும் அளவு பல மடங்கு எகிறுகிறது. வாயில் திறக்கிறது, உள்ளே நொதிகள் முடுக்கப்படுகின்றன, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறின் உற்பத்தி கூடுகிறது. அளவு மீறினால் அதே கால்சியம் செல்லைச் சாகடிக்கவும் செய்யும். மைட்டோகாண்ட்ரியா இரண்டாகப் பிரியும் இடங்களையும் பெரும்பாலும் எண்டோபிளாச வலையின் குழாய்கள்தான் முதலில் சுற்றி வளைத்துக் குறிக்கின்றன என்பது 2011இல் தெரிந்தது. இவ்வளவு நடக்கும்போது 'ஒருங்கிணையாது' என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அம்பாசமுத்திரத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் வயலிலேயே இருக்கிறது. கார் பருவ நெல்லின் இலையில், உச்சி வெயிலில், ஒளிச்சேர்க்கையின் ருபிஸ்கோ நொதி கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடிப்பது கூடும். அதன் விளைவாகப் பசுங்கணிகத்தில் உருவாகும் கிளைகோலேட் பெராக்ஸிசோமுக்குப் போய்க் கிளைசீனாகிறது. கிளைசீன் மைட்டோகாண்ட்ரியாவில் செரினாகும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. செரின் மறுபடி பெராக்ஸிசோம் வழியாக, கிளிசரேட்டாகப் பசுங்கணிகத்துக்குத் திரும்புகிறது. ஒளிச்சுவாசம் என்று நீங்கள் படிக்கும் பாடம் இதுதான். தொகுதியில் சேராதவை என்று ஒதுக்கப்பட்ட அதே மூன்று உறுப்புகளும் சேர்ந்து செய்யும் வேலை! எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்களில் இலைச் செல்லின் பெராக்ஸிசோம் பசுங்கணிகத்தை ஒட்டி அமுங்கிக் கிடப்பதைக் காணலாம்.

பள்ளி மைக்ராஸ்கோப்பில் தொடுகை இடங்கள் தெரியாது. ஒளி மைக்ராஸ்கோப் பிரித்துக் காட்டுவது சுமார் 200 நானோமீட்டர் வரைதான். ஆனால் உறுப்புகள் இடம்பெயர்வதைக் கட்டாயம் பார்க்கலாம். ஊர்க் குளத்திலோ மீன் தொட்டிக் கடையிலோ ஹைட்ரில்லா கிடைக்கும். நுனிப்பக்கத்து இளம் இலை ஒன்றை எடுத்து, அது வளர்ந்த நீரிலேயே ஒரு சொட்டு விட்டு, மெல்லிய கண்ணாடி மூடியால் (கவர் ஸ்லிப்) மூடுங்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் நடுநரம்புப் பக்கத்தைக் கண்டுபிடித்த பிறகு 40 மடங்கு வில்லைக்கு மாறுங்கள். பசுங்கணிகங்கள் செல்லின் ஓரமாக வரிசையாகச் சுற்றி வரும். அவற்றை நகர்த்துவது ஆக்டின் இழைகளும் மயோசின் புரதமும். முதலில் அசைவில்லாவிட்டால் இலையை மாற்றிவிடாதீர்கள். விளக்கொளியில் சில நிமிடம் விட்டால் பெரும்பாலும் ஓடத் தொடங்கும். இரண்டு பசுங்கணிகங்கள் உரசுவது போலத் தெரிந்தால் மட்டும், அதைத் தொடுகை என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட வேண்டாம். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கலாம்.